பன்றியாழ்வான் மேட்டுக் கலகமும் பன்னீராயிரவரும்

திருவரங்கம் பெரியகோயிலின் பழைய நடப்புகளைத் தொகுத்துரைக்கும் கோயிலொழுகு, அவ்வூர் கண்ட பேரழிவு ஒன்றுக்குப் ‘பன்னீராயிரவர் முடி திருத்திய பன்றியாழ்வான் மேட்டுக் கலகம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. படையெடுத்து வந்தவன் பெயர் இதில் இல்லை. வென்றவர், தோற்றவர் என்ற பேச்சும் இல்லை. இடத்தையும் மாண்டவர் தொகையையும் மட்டும் கொண்டு ஒரு நாளுக்கு இட்ட பெயர் இது. ‘முடி திருத்திய’ என்பது இங்கே தலை கொண்ட என்னும் பொருளது. ‘வெட்டிய’ என்றோ ‘கொன்ற’ என்றோ எழுத, ஒழுகு எழுதிய கணக்கருக்குக் கை வரவில்லை. திருமேனி, திருமுடி, திருவடி என்றே பழகிய எழுத்தாணி, அந்நாளைச் சொல்லவும் மங்கல வழக்கையே நாடிற்று. இதை ஏளனம் என்று படிப்பவர் அந்நூலின் நடையை அறியாதவர்.

ஆனால் அந்தப் பன்னீராயிரவர் யார் என்று கேட்டால், நம் நூல்களில் விடை மிகச் சுருக்கம். பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளைக் காத்த வரலாறு ஒரு சாராரால் விரித்துரைக்கப்படுகிறது. வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகையைக் காத்த வரலாறு மற்றொரு சாராரால் விரித்துரைக்கப்படுகிறது. இரண்டும் நிகழ்ந்தது ஒரே கலகத்தில். இரண்டுக்கும் பின்புலமாய்க் கிடந்தவை அதே உடல்கள். அவ்வுடல்கள் எந்தக் கலையைச் சேர்ந்தவை என்று கேட்பது பொருந்தாது. கலைகள் பிரிந்தது பிற்காலத்தில்.

கலகத்துக்கு முந்தைய நிலையைச் சிறிது சொல்ல வேண்டும். மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குப் பின் அவன் மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் தம்முள் பொருதனர். அந்தப் பூசலின் நடுவே 1311-இல் தில்லி அலாவுதீன் கில்ஜியின் படைத்தலைவன் மாலிக் காபூர் தெற்கே வந்தான். அவன் திரும்பியபின் சேர நாட்டு ரவிவர்ம குலசேகரன் காஞ்சி வரை சென்றான். அவனுடைய கல்வெட்டு திருவரங்கத்திலேயே இருக்கிறது. பின்னர் காகதீயப் படையும் காஞ்சிக்கு வந்தது. இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகளாகக் காவிரிக் கரையில் யார் அரசன், யார் காவல் என்பதே தெளிவற்றிருந்தது. 1323-இல் கியாசுதீன் துக்ளக்கின் மகன் உலூக் கான் (பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று பெயர் பெற்றவன்) வாரங்கலை வீழ்த்திப் பிரதாபருத்திரனைச் சிறைப்பிடித்தான். அதன் தொடர்ச்சியாகவே அவன் படை பாண்டி நாட்டுக்கு இறங்கியது. திருவரங்கம் அதன் வழியில் இருந்தது. ஆற்றிடைக் குறையாகிய அவ்வூரில் சேனை இல்லை, செல்வம் இருந்தது.

அன்று நம்பெருமாள் கொள்ளிடக் கரையில் உள்ள பன்றியாழ்வான் ஸந்நிதிக்கு எழுந்தருளியிருந்தார். திருநாள் கூட்டம். படை சமயபுரத்தைக் கடந்தது என்ற செய்தி அங்கே வந்து சேர்ந்தது. சமயபுரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட வழி குதிரைக்கு ஒரு நாழிகை அளவே. ஸ்தலத்தார் செய்தது என்னவெனில், பெருமாள் திருமுன்பு திரை வளைத்தார்கள். உள்ளே திருவாராதனம் நடப்பதாகக் கூட்டம் எண்ணியிருக்க, பிள்ளை லோகாசாரியர் சிலரோடு நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பெரியகோயிலில் மூலவருக்கு முன்னே கல்திரை எழுப்பப்பட்டது. நாச்சியார் வில்வ மரத்தடியில் மறைக்கப்பட்டார். பிறகு படை வந்தது.

அந்தத் திரையைப் பற்றிச் சற்று நின்று எண்ண வேண்டும். நம்மவர் காலக்ஷேபத்தில் இவ்விடத்தைச் சொல்லும்போது திரைக்குப் பின்னே சென்ற பல்லக்கையே தொடர்ந்து போய்விடுவர். அழகர்மலைப் பாதை, வழிப்பறிக் கள்வர், ஜ்யோதிஷ்குடி, அங்கே ஆசாரியர் பரமபதித்தது என்று கதை நகரும். திரைக்கு முன்னே நின்றவர்களிடம் திரும்பி வருவதில்லை. அவர்களுள் செய்தி அறிந்து நின்றவர் சிலர் இருந்திருக்க வேண்டும். திரை வளைத்தவர்கள், வாத்தியத்தை நிறுத்தாமல் வைத்திருந்தவர்கள், அடியார் கலையாதபடி பார்த்துக்கொண்டவர்கள் ஆகியோர் அறியாமல் இது நடந்திருக்க வழியில்லை. அறியாமல் நின்றவர்கள் மிகப் பலர். தரிசனத்துக்கு வந்த வெளியூரார், பிள்ளைகளைக் கையில் பிடித்து நின்ற பெண்கள், பூக்கட்டுவோர், பந்தம் பிடிப்போர் ஆகியோர்க்குத் திரைக்கு அப்பால் பெருமாள் இல்லை என்பது தெரியாது. கூட்டம் கலைந்து ஓடியிருந்தால் பல்லக்கு போன வழி வெளிப்பட்டிருக்கும். கலையாமல் நின்றதால் நம்பெருமாள் தப்பினார். முன்னவர் செய்ததைத் தியாகம் என்று சொல்லலாம். பின்னவர் உயிர் அவர்களைக் கேளாமலே செலவழிந்தது. ஸ்தலத்தாரின் தீர்மானம் சரியா தவறா என்று எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் இரண்டு வகையாரையும் ஒரே சொல்லால் ‘கைங்கர்யம் செய்தார்’ என்று மூடிவிடுவது வரலாறு ஆகாது.

இனித் தொகை. பன்னீராயிரம் என்பது எண்ணிப் பார்த்துச் சொன்னதா? ஸம்பிரதாய நூல்களில் பழகியவர்க்கு இவ்வெண் புதிதன்று. உடையவரை அடிபணிந்திருந்த எழுநூறு ஸந்யாஸிகள், எழுபத்துநான்கு ஸிம்ஹாஸனாதிபதிகள் ஆகியோரோடு ஏகாங்கிகள் பன்னீராயிரவர் என்று சொல்லும் வழக்கு உண்டு. அதாவது திருவரங்கத்துத் திருவோலக்கம் முழுமையையும் குறிக்க நம் பெரியோர் கையாண்ட எண் அது. ஒழுகு எழுதியவர் பிணங்களை எண்ணி எழுதியிருக்க முடியாது. எண்ணுவதற்கு ஊரில் ஆள் இல்லை. உடையவர் காலத்தில் கூடியிருந்த கோஷ்டி எவ்வளவோ அவ்வளவும் அன்று போயிற்று என்பதே அவர் சொல்ல வந்தது என்று கொள்வது பொருந்தும். இவ்வாறு கொள்வது இறந்தவர் தொகையைக் குறைப்பதாகச் சிலர் வருந்தக்கூடும். உண்மையில் அது சொல்லும் இழப்பு எண்ணிக்கையைவிடப் பெரிது. ஒரு கூட்டத்தில் பன்னீராயிரவர் மடிந்தனர் என்றால் எஞ்சியவர் இருப்பர். கோஷ்டி முழுதும் போயிற்று என்றால் எஞ்சியது என்ன? (பன்னீராயிரப்படி என்னும் வியாக்கியானப் பெயரை இதனோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. அது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட கிரந்தக் கணக்கு. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.)

பன்னீராயிரவருள் நூல்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுபவர் என்று எண்ணினால் முதலில் நிற்பவர் சுதர்சன பட்டர். கூரத்தாழ்வான் வம்சத்தில் வந்தவர். நடாதூர் அம்மாள் ஸ்ரீபாஷ்யம் சொல்லக் கேட்டதைக் கேட்டபடி ஏட்டில் ஏற்றியமையால் அவர் நூலுக்கு ச்ருதப்ரகாசிகை என்று பெயர் வந்தது, ‘கேட்டதன் ஒளி’. அது அச்சேறிய நூலன்று, ஊர்தோறும் படி இருந்த நூலுமன்று. படை வந்தபோது முதுமை மிகுந்திருந்த பட்டர் தம் ஏடுகளையும் தம் குமாரர் இருவரையும் தேசிகரிடம் ஒப்படைத்தார் என்றும், தாம் அங்கேயே உயிர் நீத்தார் என்றும் வைபவ நூல்கள் சொல்லும். தேசிகர் அப்பிள்ளைகளோடும் ஏடுகளோடும் பிணக்குவியலுள் பிணம்போல் கிடந்து, படை அகன்றபின் இருளில் வெளியேறினார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. விபவ ஆண்டாகிய 1268-இல் அவதரித்தவர்.

இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்ரீபாஷ்யத்துக்கு இன்று நாம் எந்த வரிக்குப் பொருள் தேடினாலும் ச்ருதப்ரகாசிகையைத் திறக்கிறோம். அந்த ஏட்டை மறைத்துக் காத்தது ஒரு மாளிகையோ, ஒரு மன்னனோ, ஒரு நிலவறையோ அன்று. பெயர் தெரியாத மனிதர்களின் உடல்கள் அதை மறைத்தன. காலக்ஷேபத் தொடக்கத்தில் தனியன் சொல்லி ஆசாரியர்களை வணங்குகிறோம். இவர்களுக்குத் தனியன் இல்லை, திருநட்சத்திரம் இல்லை. பெயர் தெரியாதவர்க்குத் தனியன் எப்படிப் பாடுவது?

தமிழ் வியாக்கியானத்தின் கதை வேறு. நம்பிள்ளை ஈட்டை வடக்குத் திருவீதிப்பிள்ளை பட்டோலை செய்தார். நம்பிள்ளை அந்த ஏட்டை ஈயுண்ணி மாதவரிடம் கொடுக்க, அது அவர் குமாரர் பத்மநாபர் வழியாக நாலூர்ப் பிள்ளையிடமும், அவர் குமாரர் நாலூர் ஆச்சான் பிள்ளையிடமும் ஓராண் வழியாகப் போய்ச் சேர்ந்தது. இதனால் ஈடு காஞ்சிபுரத்தில் நிலைத்தது. அவ்வாறு ஏடு வெளியே போனதைப் பிற்காலத்தார் சிலர் ஒரு குறையாகவே பேசினர். திருவரங்கத்து நூல் திருவரங்கத்தில் இல்லாமற் போயிற்றே என்பது அவர் ஆற்றாமை. 1323-இல் அது திருவரங்கத்தில் இருந்திருந்தால், அதற்கும் ஒரு பிணக்குவியல் வேண்டியிருந்திருக்கும்.

ஆண்டுக் கணக்கில் உள்ள சிக்கலையும் தொட்டுச் செல்ல வேண்டும். கோயிலொழுகின் காலக் குறிப்புகள் பல இடங்களில் கலங்கியவை. ஆனால் பெரியகோயில் இரண்டாம் பிராகாரச் சுவரில் கோபணாரியன் பெயரால் இரண்டு வடமொழிச் சுலோகங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் ஆண்டு ‘பந்துப்ரியே’ என்னும் சொல்லில் அடங்கியிருக்கிறது. எழுத்தெண் முறையில் அது சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371. நம்பெருமாள் நாற்பத்தெட்டு ஆண்டுக்குப் பின் மீண்டார் என்னும் மரபைக் கழித்தால் 1323 வருகிறது. பரீதாவி வைகாசியில் மீண்டார் என்னும் ஒழுகின் கூற்றைக் கொண்டால் ஓராண்டு தள்ளி 1372 ஆகும். சக ஆண்டை எண்ணும் வேறுபாட்டால் இத்தகைய ஓராண்டுப் பிழை பல கல்வெட்டுகளில் உண்டு. பெரிய இடையூறு பிள்ளை லோகாசாரியர் திருவவதார ஆண்டில் இருக்கிறது. குரோதன ஐப்பசித் திருவோணம் என்பதை 1205 என்று கொண்டு, நூற்றாறு ஆண்டு எழுந்தருளியிருந்து 1311-இல் பரமபதித்தார் என்று எழுதுவோர், கலகத்தையே மாலிக் காபூர் காலத்துக்கு இழுத்துச் செல்கின்றனர். 1205 என்றே வைத்து 1323-க்கு வந்தால் ஆசாரியருக்கு வயது நூற்றுப்பதினெட்டு. குரோதனம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது, 1265-உம் குரோதனமே. அதைக் கொண்டால் பல்லக்கோடு காட்டு வழியில் நடந்தவர் ஐம்பத்தெட்டு வயதினர். நூற்றாறு என்னும் எண்ணை விட மனமில்லாதவர்க்கு இது உவப்பாயிராது. கல்லில் உள்ள எண்ணும் மனித உடலின் இயல்பும் இந்தப் பக்கமே நிற்கின்றன. அச்சுலோகங்கள் தேசிகர் அருளியவை என்னும் வழக்குக்கும் இதேபோல் ஓர் இடர் உண்டு: அவர் 1369-இல் பரமபதித்தார் என்னும் கணக்கோடு அது ஒட்டாது.

இவையெல்லாம் ஸம்பிரதாய நூல்கள் தம்மவர் துயரத்தை மிகைப்படுத்திச் சொன்னவை என்று ஒதுக்குவோர் இருக்கின்றனர். அவர்களுக்கு விடையாக அந்நியர் ஒருவரின் சாட்சி உள்ளது. கலகத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து, மதுரையில் கியாசுதீன் தாமகானி சுல்தானாக இருந்தபோது, மொராக்கோ நாட்டு இப்னு பதூதா அங்கே வந்தார். அவர் இஸ்லாமிய நீதி கற்றவர், தில்லியில் காஜி பதவி வகித்தவர். சுல்தானுக்கு மண உறவினரும் ஆவார். சுல்தானோடு காட்டு வழியே பயணம் செய்தபோது கண்டதை அவர் எழுதிவைத்திருக்கிறார். பிடிபட்ட குடிமக்கள் தோளில் கூர் தீட்டிய கழுமரங்களைத் தாமே சுமந்து வந்தனர். மறுநாள் காலையில் அவை பாசறையின் நான்கு வாயில்களிலும் நடப்பட்டு, சுமந்தவர்களே அவற்றில் ஏற்றப்பட்டனர். அவர்தம் பெண்டிரும் குழந்தைகளும் அக்கழுமரங்களின் அடியில் கொல்லப்பட்டனர். மற்றொரு நாள் சுல்தானுடன் உணவருந்திக்கொண்டிருந்தபோது ஓர் ஆணும் அவன் மனைவியும் ஏழு வயதுச் சிறுவனும் கொண்டுவரப்பட்டு அங்கேயே வெட்டப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தகைய கொடுமையை வேறெந்த அரசனும் செய்யத் தாம் அறிந்ததில்லை என்றும், இதனாலேயே இறைவன் அவனை விரைவில் மாய்த்தான் என்றும் அவர் தீர்ப்புச் சொல்கிறார்.

இச்சாட்சி இரண்டு வகையில் பயன்படும். ஆயுதம் இல்லாத குடிகளைக் கூட்டமாகக் கொல்வது அக்காலப் படைகளுக்கு அரிய செயலன்று என்பது ஒன்று. அதைக் கண்டு அருவருத்தவர், கொன்றவனின் சமயத்தைச் சேர்ந்தவரே என்பது மற்றொன்று. பன்றியாழ்வான் மேட்டை இன்றைய அண்டை வீட்டார்மீது எறியும் கல்லாக எடுத்துக்கொள்வோர் இந்த இரண்டாவதை நினைவில் வைப்பதில்லை. நம் ஒழுகே, சுல்தான் மகள் சுரதானியைத் துலுக்க நாச்சியாராகப் பெரியகோயிலில் வைத்துக் கொண்டாடும் வரலாற்றைச் சொல்லும் நூல்தான். தேசிகரின் அபீதிஸ்தவத்தில் துருஷ்கர், யவனர் என்னும் சொற்கள் வருகின்றன. அதை அவர் சத்தியமங்கலத்தில் இருந்து அருளினார் என்றும் திருநாராயணபுரத்தில் இருந்து அருளினார் என்றும் இருவகையாகச் சொல்வர். பெயரிலேயே அது அச்சமின்மையை வேண்டும் துதி. பிணங்களுக்கிடையே ஓர் இரவு கிடந்தவர் கேட்டது பழிவாங்கலை அன்று. அரங்கம் அச்சம் தீர்ந்து இருக்க வேண்டும் என்பதைத்தான்.

கலகத்துக்குப் பின் ஊர் எவ்வாறிருந்தது? படைத்தலைவன் உடல்நலம் வேண்டிக் கண்ணனூருக்கு மாறினான். கோயில் மதிற்கற்கள் அங்கே கோட்டை கட்டப் போயின. சிங்கப்பிரான் என்பவர் அவனிடம் பணியில் அமர்ந்து மேலும் அழிவு நேராதபடி தடுத்தார் என்பது ஒழுகின் கூற்று. ஊரார், கிழக்கு வெள்ளைக் கோபுரத்தோடு சேர்த்து வெள்ளாயி என்னும் தாசியின் கதையைச் சொல்வர். படைத்தலைவனைக் கோபுரத்தின்மீது அழைத்துச் சென்று தள்ளித் தானும் வீழ்ந்தாள் என்பது அது. ஏட்டுச் சான்று வலுவற்றது. ஆயினும் பன்னீராயிரவர் கூட்டத்துக்கு ஊர் தானாக ஒரு பெண்ணின் பெயரைச் சேர்த்துக்கொண்டது என்ற அளவில் அது பொருளுடையது. விஜயநகரக் குமார கம்பணனின் தேவி கங்காதேவி இயற்றிய மதுரா விஜயமும் இடிந்து விழும் பெரியகோயிலைக் காட்டுகிறது.

நம்பெருமாள் திருமாலிருஞ்சோலை, மலைநாடு, திருநாராயணபுரம் முதலிய இடங்களில் தங்கித் திருமலை சேர்ந்தார். கம்பணனின் அதிகாரியாகிய கோபணாரியன் அங்கிருந்து செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணிச் சில காலம் ஆராதித்து, பிறகு அரங்கத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது நடந்ததுதான் இக்கலகத்தின் அளவைக் காட்டும் உண்மைச் சான்று. கோயிலில் அதற்குள் வேறோர் உற்சவத் திருமேனி பிரதிஷ்டை ஆகியிருந்தது. மீண்டு வந்தவர் பழைய பெருமாள்தாமா என்று ஊரார்க்கு ஐயம் எழுந்தது. அடையாளம் சொல்ல ஆள் இல்லை. நாற்பத்தெட்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறைக்கு மேல் பெரிதன்று. இருபது வயதில் திருமஞ்சனம் கண்டவன் அறுபத்தெட்டு வயதில் உயிரோடு இருப்பது இயல்பு. அர்ச்சகர் குடியில், அரையர் குடியில், ஸ்ரீபாதம் தாங்குவாரில், திருவீதிகளில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேரில், பெருமாளின் திருமுகத்தைக் கண்டு ‘இவரே’ என்று சொல்ல ஒருவர் கிடைக்கவில்லை. பன்னீராயிரம் என்னும் எண்ணை ஐயுறுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

கடைசியில் கிடைத்தவர் ஈரங்கொல்லி என்னும் முதிய வண்ணான். கண் பார்வை இழந்தவர். முன்னாளில் பெருமாளின் பரிவட்டங்களைத் துவைத்தவர். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, உடுத்திய ஈர ஆடைகளை அவர் கையில் கொடுத்தார்கள். ஓர் ஆடையைப் பிழிந்து அந்த நீரை வாயில் இட்டவர், கஸ்தூரி மணம் அறிந்து, இவரே நம்பெருமாள் என்றார். திருநாமமும் அதனாலேயே நிலைத்தது என்பர். சுவரில் உள்ள சுலோகங்களில் கோபணாரியன் பெயர் இருக்கிறது. அஞ்சனாத்திரியும் செஞ்சியும் இருக்கின்றன. ஈரங்கொல்லி இல்லை, பன்னீராயிரவரும் இல்லை.

நம்பெருமாள் மீண்ட பரீதாவிக்குச் சரியாக அறுபது ஆண்டு கழித்து வந்த பரீதாவியில், 1432-இல், காஞ்சியில் பிழைத்திருந்த ஈட்டை மணவாள மாமுனிகள் பெரிய திருமண்டபத்தில் நம்பெருமாள் திருமுன்பே தொடங்கினார். ஓராண்டு உற்சவங்கள் நிறுத்தப்பட்டு, கோஷ்டி மீண்டும் நிறைந்திருந்தது.